குரங்கு கலைக்கிற மாப்பிள்ளை

கோயிலில் கலியாண ஓலை வாசிக்கிறபோது யாராவது எழும்பித் தடை சொல்லுவார்கள் என்று எந்தச் சுவாமியாரும் எதிர்பார்ப்பதில்லை. மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன உடுத்து வந்திருக்கிறார்கள் என்று சனம் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான். மூன்றாம் ஓலையில் பெண்ணைப் பெற்ற தகப்பனே வாங்கிலிருந்து எழும்பி, "எனக்குத் தெரியும் ஒரு தடை" என்று சொன்னது திருகோணமலையில் தம்பிராசா ஒருவர்தான்.

தம்பிராசா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். முப்பத்தைந்து வருசம் துறைமுகத்தில் கயிறு பிடித்தவர். கப்பல் கரைக்குக் கிட்ட வந்ததும் கப்பலில் நிற்கிறவர்கள் மெல்லிய கயிறு ஒன்றை வீசுவார்கள், எட்டாத நாளில் இவரே கரையிலிருந்து வீசிக் கொடுப்பார். அதைப் பிடித்து இழுத்தால் அதன் வாலில் தொடைப் பருமனில் பெருங்கயிறு வரும். அதைக் கட்டையில் மாட்டினால் கப்பல் நிற்கும். பிழைத்தால் கை போகும், சில நேரம் ஆளே போவான். அந்த வேலையில் அவர் படித்த பாடம் ஒன்று உண்டு. கப்பலின் நெற்றியில் இருக்கிறது ஒரு நாட்டுப் பேர், பறக்கிறது இன்னொரு நாட்டுக் கொடி, உள்ளே வேலை செய்கிறவன் மூன்றாவது நாட்டான். ஏற்றி வந்த சாமான் யாருடையது என்று கேட்டால் கப்டனே கையை விரிப்பான். ஆகவே ஒன்றின்மேல் எழுதியிருக்கிறதை வைத்து அது இன்னதென்று நம்பக்கூடாது.

இந்தப் பாடத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மச்சான் ஆசையாய்க் கொண்டுவந்து கொடுக்கிற மீனையும் செவுள் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். ஆசுபத்திரியில் பிறசர் பார்க்கிற மெசினைக் காட்டி, "உது ஆர் செய்தது? குளிசை விக்கிறவனோ?" என்று கேட்டு நேர்சம்மாவிடம் ஏச்சு வாங்கியவர். ரீவியில் மழை என்று சொன்னால் எழும்பிப் போய் முற்றத்தில் நின்று மேலே பார்த்துவிட்டு வந்து, "பாப்பம்" என்பார்.

இப்படிப்பட்ட மனிசனுக்கு வாய்க்கிற மருமகன் ஒரு பேக்கரிக்காரனாக இருந்தால் நல்லது. பாண் கண்ணுக்குத் தெரியும். வாய்த்தவனோ செய்மதிக்காரன்.

மகள் ஜெசிகா கண்ணாடிக் கடையில் வேலை. முப்பது வயது நடக்கிறது. வந்த சம்பந்தங்களையெல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் தட்டிக்கொண்டே வந்தவள், லிங்கநகர் மேர்வினை மட்டும் தட்டவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே தாயிடம், "இவரெண்டால் செய்யிறன்" என்று சொல்லிவிட்டாள். தாய் எல்சிக்குச் சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு மாப்பிள்ளை கதிரையில் நேராக இருந்து பதில் சொன்னவிதம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. தம்பிராசாவுக்கு மட்டும் அந்தப் பதில்கள் தொண்டையில் முள்ளாய் நின்றன.

"என்ன வேலை, தம்பி?"

"செய்மதி நிலையத்தில, மாமா. மேல சுத்துற சற்றலைட்டுகள் அனுப்புறதை நாங்கள் இஞ்ச இறக்கி எடுக்கிறம்."

"எங்க இறக்கிறீங்கள்?"

"எங்கட கந்தோர் மொட்டைமாடியில."

"சேதமில்லாமலோ?"

"சாமானை இல்லை மாமா, செய்தியை. படத்தை, கணக்கை. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு சொல்லை அவன் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் வந்த கூத்தெல்லாம் வந்திருக்காது.

முதலாம் ஓலை வாசித்தார்கள். தம்பிராசா பேசாமல் இருந்தார். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அன்றைக்கு இரவு அவருக்குச் சரியான நித்திரை இல்லை. மூன்றாவது வாசித்துவிட்டால் பிறகு கயிறு கட்டையில் விழுந்த மாதிரி. அந்தச் சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு லிங்கநகருக்குப் போனார்.

செய்மதி நிலையம் என்பது ஒரு சாதாரண மாடிவீடு. பலகையில் இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தது. அவர் அதை வாசிக்கவும் இல்லை, வாசித்தாலும் நம்பப்போவதும் இல்லை. மொட்டைமாடியில் வெள்ளையாய் ஒரு பெரிய சட்டி வானத்தைப் பார்த்தபடி இருந்தது. எதிரே ஸுஹைர் என்பவரின் தேத்தண்ணிக் கடை. அங்கே போய் இருந்தார்.

"வாங்க அண்ணன், இரிங்க. என்ன போட?"

"ஒரு பிளேன்ரி. சீனி குறைச்சு. முன்னுக்குத் தெரியுறது என்ன இடம்?"

"அதுவா? சற்றலைட் கந்தோர். வானத்தில இருந்து என்னமோ எடுக்கிறாங்களாம். எடுத்து எங்க வெக்கிறாங்க எண்டுதான் நமக்கு விளங்கல்ல. ஒரு லொறி வந்து போனதையும் நான் காணல்ல."

லொறி வரவில்லை என்றது தம்பிராசாவுக்கு நன்றாய்ப் பட்டது. அதைத்தான் அவரும் நினைத்தார்.

"அங்க மேர்வின் எண்டு ஒரு பெடியன்…"

"நம்மட மேர்வின் தம்பியா? தங்கமான புள்ள. அந்தா பாருங்க, வந்திட்டாரு."

மொட்டைமாடிக் கதவு திறந்தது. கழுத்துப் பட்டியில் கொம்பனி அட்டை தொங்க, மேர்வின் ஒரு நீளத் தடியோடு பாய்ந்து வந்தான். சட்டியின் விளிம்பில் அதுவரை தம்பிராசாவின் கண்ணில் படாத நாலைந்து குரங்குகள் இருந்தன. "ஹோய்! ஹோய்!" என்று அவன் தடியால் தகரத்தில் அடித்தான். குரங்குகள் பக்கத்து வீட்டு மாமரத்துக்குத் தாவின. அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். பிளேன்ரி ஆறுவதற்கு முதல் குரங்குகள் திரும்பி வந்தன. அவனும் திரும்பி வந்தான். ஒரு கிழட்டுக் கடுவன் அவனுடைய தொப்பியைப் பறித்துக்கொண்டு தண்ணித் தாங்கிமேல் ஏறி இருந்து அதைப் போட்டுப் பார்த்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த இஞ்சினியர் கீழே நின்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான்.

"எந்த நாளும் இதுதானோ?" என்று கேட்டார் தம்பிராசா.

"இந்தக் கிழம முழுக்க இதுதான் அண்ணன். பாவம், ஒழுங்கா ஒரு தேத்தண்ணி குடிக்கவும் உடாதுகள்."

இந்தக் கிழமை என்று ஸுஹைர் சொன்னது தம்பிராசாவின் காதில் ஏறவில்லை. அவர் அவ்வளவு நேரமும் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு விரற்கடை அசையவில்லை. மழைத் தண்ணி பிடிக்கிற சட்டி. அதைக் காவல் காக்க ஒரு ஆள். அந்த ஆளுக்குத் தன் மகள்.

ஆகவேதான் அவர் அடுத்த நாள் எழும்பி நின்றார்.

சுவாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்ன தடை, தம்பிராசா?"

"பெடியன் பொய் சொல்லிப்போட்டார், ஃபாதர். சற்றலைட்டில வேலை எண்டவர். நான் நேரில போய்ப் பாத்தனான். அவர் குரங்கு கலைக்கிறார்."

கடைசி வாங்கில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது முன்னுக்குப் பரவி வர வர, பாட்டுக் குழுப் பிள்ளைகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எல்சி தலையில் போட்டிருந்த முக்காட்டை மூக்குவரை இழுத்தாள்.

ஆண்கள் பக்கத்தில் மேர்வின் எழும்பினான். முகம் சிவந்திருந்தது. "ஓம் ஃபாதர். கலைக்கிறனான்தான்" என்றான்.

அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க யாராலும் ஏலவில்லை.

"குரங்கு கலைக்கிறது திருச்சபைச் சட்டத்தில தடை இல்லை" என்றார் சுவாமியார். அவருடைய வாயும் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"எனக்குத் தடை."

சுவாமியார் பெருமூச்சு விட்டார். மூன்றாம் ஓலையை அடுத்த ஞாயிறு திரும்ப வாசிப்பதாகவும், அதற்கிடையில் இரண்டு வீட்டாரும் கதைத்துத் தீர்க்க வேண்டும் என்றும் சொல்லிப் பூசையைத் தொடர்ந்தார்.

வீட்டில் எல்சி பொரிந்து தள்ளினாள். "முப்பது வயசுப் பிள்ளையைக் கோயிலில வைச்சுச் சந்தி சிரிக்க வைச்சிட்டு வந்து மீன்குழம்பு கேக்குறியள். உங்களுக்கு வெக்கம் எண்டு ஒண்டு இருக்கோ?"

"நான் உள்ளதைச் சொன்னனான்."

ஜெசிகா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுகமாயிருந்திருக்கும். அவள் வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, நீங்கள் பாத்தது குரங்கை. அவரை நீங்கள் இன்னும் பாக்கேல்லை. புதன்கிழமை பின்னேரம் உங்களை வரச்சொல்லியிருக்கிறார். உள்ளுக்கு வந்து, எல்லாத்தையும் தொட்டுப் பாத்து, கேக்கிறதெல்லாம் கேளுங்கோ. அதுக்குப் பிறகும் வேண்டாம் எண்டால், நானே ஃபாதரிட்டப் போய் நிப்பாட்டச் சொல்லுறன். எனக்கு வேற ஆரையும் பேசவும் வேண்டாம்."

"சரி."

"சரியெண்டு பட்டால், நீங்கள் அதே வாங்கில அதே மாதிரி எழும்பி நிண்டு சொல்லவேணும். என்ர காதுக்கு இல்லை. கோயிலுக்கு."

அவள் தன் மகள்தான் என்பதில் மட்டும் தம்பிராசாவுக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

புதன்கிழமை பின்னேரம் மூவரும் ஓட்டோவில் போய் இறங்கினார்கள். மேர்வின் வாசலில் நின்றான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், ஆனால் கை விரல்களைச் சும்மா வைத்திருக்க அவனால் முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் குளிர் அறை, நிறையத் திரைகள். ஷிஃபானா என்ற இஞ்சினியர்ப் பிள்ளை காதில் ஏதோ மாட்டியபடி யாரோ வெள்ளைக்காரர்களோடு இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு திரையில் இளம் பெடி பெட்டைகள் ஏழெட்டுப் பேர் செத்த வீட்டில் இருக்கிறமாதிரி இருந்தார்கள்.

"கேளுங்கோ மாமா" என்றான் மேர்வின்.

"முதல் குரங்கைச் சொல்லும்."

"எங்கட காவல்கார குணரத்தினம் அண்ணைக்குக் காய்ச்சல். அவர்தான் கலைக்கிறவர். அவர் வராத நாளில நான் கலைக்கவேணும். குரங்கு வயரின்ர தோலை உரிச்சால் எங்கட வேலை முடிஞ்சுது. கொம்பனிக்காரர் வெளிநாட்டில இருந்து ஒரு மெசின் அனுப்பினவை, சத்தம் போட்டுக் குரங்கைக் கலைக்கிறதுக்கு. அதுகள் அதுக்குப் பக்கத்தில குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்ததுகள்."

எல்சி சிரித்துவிட்டாள். தம்பிராசா சிரிக்கவில்லை. காய்ச்சல் என்று யாரும் சொல்லலாம்.

"இப்ப சற்றலைட்டைச் சொல்லும். விளங்கிற மாதிரி."

"முந்தி இதெல்லாம் பெரிய அரசாங்கங்கள்தான் ஏவினது. இப்ப பத்துப் பேர் சேர்ந்த சின்னக் கொம்பனியும் பிஸ்கட் பெட்டி அளவில ஒண்டு செய்து, ஆரின்ரயாவது ரொக்கட்டில காசு குடுத்து ஏத்துது. கொழும்பு பஸ்ஸில பார்சல் போடுறமாதிரித்தான் மாமா. ஒருத்தன் காட்டுத்தீ பாக்கிறான், ஒருத்தன் கடல்ல கப்பல் எங்க போகுதெண்டு பாக்கிறான், ஒருத்தன் வயல் பாக்கிறான். ஆனா மேல போன பெட்டி பூமியைச் சுத்திக்கொண்டே இருக்கும். நாட்டுக்கு நாடு சட்டி கட்ட அவைக்குக் கட்டுப்படியாகாது. அதால எங்களைப்போல ஆக்களிட்ட நேரத்தை வாடகைக்கு எடுப்பினம். எங்களுக்குக் கிழக்கால கடல், மறைக்க ஒண்டும் இல்லை. எங்கட தலைக்கு மேலால போற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள பிடிச்சு, அது சொல்லுறதை வாங்கி, விட்டிடவேணும்."

"வயல் எண்டால், கிளிவெட்டியில என்ர அண்ணன்ர வயலும் தெரியுமோ?" என்று எல்சி ஆசையாய்க் கேட்டாள்.

மேர்வின் ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். பச்சையும் மண்ணிறமுமாய்ச் சின்னச் சின்னச் சதுரங்கள். எல்சி, "ஐயோ, குளத்தைப் பாருங்கோ!" என்று கையைத் தட்டினாள்.

"பச்சை எங்கயும்தான் இருக்கு" என்றார் தம்பிராசா. "இது எந்த ஊர்ப் பச்சையோ ஆருக்குத் தெரியும்?"

ஜெசிகா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் ஷிஃபானா, "மேர்வின், வரப்போகுது" என்றாள். அவன் முகம் மாறிவிட்டது. மாமனாரும் மாமியாரும் அறையில் நிற்கிறதை அவன் மறந்துபோனதுபோல இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"அவை ஏன் செத்த வீடுமாதிரி இருக்கினம்?" என்று தம்பிராசா திரையைக் காட்டிக் கேட்டார்.

ஷிஃபானாதான் சொன்னாள். "அவங்கட சற்றலைட் சனிக்கிழமை மேல போனது, ஐயா. அண்டையில இருந்து ஒரு சத்தமும் இல்ல. வேற ரெண்டு நாட்டில தேடிப் பாத்துட்டாங்க. ஒரே ரொக்கட்டில கனக்கப் பெட்டிகள ஒண்டா வெளிய விட்டவங்க, இதில எது அவங்கட பெட்டி எண்டே தெரியாது. இண்டைக்கு நமக்கு மேலால நேராப் போகுது. பற்றரி செத்துப்போக முந்தி இதுதான் கடைசி நல்ல சந்தர்ப்பம். மூணு வருசமாச் செஞ்ச பெட்டி."

மேர்வின் ஒரு சின்னத் திரையைப் பார்த்தான். அதில் மொட்டைமாடி தெரிந்தது. சட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கையில், வயருக்குப் பக்கத்தில், அந்தக் கிழட்டுக் கடுவன் காலை நீட்டிப்போட்டுக்கொண்டு இருந்தது. பின்னால் அதன் குடும்பம்.

அவன் பாதி எழும்பினான். பிறகு விசைப்பலகையைப் பார்த்தான். பிறகு தம்பிராசாவைப் பார்த்தான்.

"மாமா… உங்களால ஏலுமே?"

"என்னை மாப்பிள்ளை பாக்கக் கூப்பிட்டனீரோ, குரங்கு கலைக்கக் கூப்பிட்டனீரோ?"

"எனக்கு இந்தக் கதிரையை விட்டு இப்ப எழும்ப ஏலாது மாமா. கெஞ்சிக் கேக்கிறன்."

"போங்கோவன்!" என்று எல்சி அவருடைய முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "வந்ததில இருந்து நாட்டாமைதான் பண்ணுறியள். ஒரு உதவி செய்தால் குறைஞ்சு போவியளோ?"

"மஞ்சள் கோட்டைத் தாண்டவேண்டாம் மாமா" என்று பின்னாலிருந்து மேர்வின் கத்தினான். "சட்டி தானாத் திரும்பும்!"

தானாகத் திரும்புமாம். தம்பிராசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார்.

மேலே வெயில் இன்னும் தணியவில்லை. தடியைக் காணவில்லை. தடி குரங்குகளிடம் இருந்தது. கடுவன் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பல்லைக் காட்டியது. தொப்பிக்காரனைக் கண்ட குரங்குக்கு இந்தக் கிழவன் ஒரு ஆளா?

மூலையில் மழைப் படங்கு கட்டுகிற கயிறு ஒன்று சுருண்டு கிடந்தது. தம்பிராசா அதை எடுத்தார். கையில் எடுத்ததும் கை தன் பாட்டில் வேலை செய்யத் தொடங்கியது. நுனியில் பெரிய முடிச்சொன்று போட்டார். பாதிச் சுருளை இடக் கையிலும் பாதியை வலக் கையிலும் பிரித்துக்கொண்டார். மஞ்சள் கோட்டில் காலை ஊன்றி, ஒரு ஆட்டு ஆட்டி, வீசினார்.

முடிச்சு போய்க் கடுவனின் குண்டியில் பட்ட சத்தம் எதிர்க்கடை ஸுஹைருக்கும் கேட்டதாம். வயரில் படவில்லை, சட்டியில் படவில்லை. கடுவன் கத்திய கத்தில் குடும்பம் முழுக்க மாமரத்துக்குப் பறந்தது. "வாங்கோடா!" என்று தம்பிராசா கயிற்றை இழுத்துச் சுருட்டினார். அவருக்குத் துறைமுகத்தை விட்டு வந்தபிறகு இப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை. குட்டி ஒன்று தண்ணித் தாங்கிப் பக்கத்தால் களவாய் வந்தது. அதற்கு முன்னால் வீசி வெருட்டினார். இன்னொன்றுக்கும் வீசத் தயாரானபோது, பின்னால் ஏதோ முனகியது.

சட்டி அசைந்தது.

தம்பிராசா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினார். அவ்வளவு பெரிய வெள்ளைச் சட்டி, ஒருவரும் தொடாமல், தன் முகத்தை மெல்ல மெல்லச் சரித்துத் தெற்குப் பக்கம், வீடுகளின் கூரையோடு கூரையாகப் பார்த்து நின்றது. பிறகு அங்கேயிருந்து உயரத் தொடங்கியது. எதையோ கண்ட மாதிரி. கண்டதை விடாத மாதிரி.

அவரும் அது பார்த்த பக்கம் பார்த்தார். ஒன்றும் இல்லை. வெறும் வானம், ஒரு பருந்து. பருந்து ஒரு பக்கம் போனது. சட்டி அதைச் சட்டை செய்யாமல் வேறு பக்கம் போனது. ஒரே சீராய், அவசரமில்லாமல். துறைமுக வாய்க்குள்ளால் வருகிற கப்பலை இறங்குதுறையில் நிற்கிறவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறமாதிரி, அது தலையைத் திருப்பிக்கொண்டே போனது.

தம்பிராசா கயிற்றோடு நின்று யோசித்தார். அவருக்கு ஏமாற்றுக்காரர்களைத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கண்டவர். ஏமாற்றுகிறவன் எப்போதும் உன் முகத்தைத்தான் பார்ப்பான், நீ நம்புகிறாயா என்று. இந்தச் சட்டி அவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மேலே அவர் நிற்கிறார் என்பதே அதற்குத் தெரியாது. ஆளுக்குக் காட்ட அது ஆடவில்லை.

சட்டி உச்சிக்கு வந்து மற்றப் பக்கம் சரியத் தொடங்கிய நேரம் கீழே ஒரு கூக்குரல் கேட்டது. பெண்ணும் ஆணும் சேர்ந்து கத்தினார்கள். தம்பிராசா படிப்பக்கம் திரும்பினார். ஆனால் மாமரத்தில் கிளை ஆடியது. இறங்கிப் போகவும் மனமில்லை. பார்க்கச் சொன்ன வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனிசன். கயிற்றை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஜெசிகா படியில் ஓடி வந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா, கதைச்சிட்டுது! கதைச்சிட்டுது அப்பா!"

"ஆர்?"

"பெட்டி!"

"முடிஞ்சுதோ? நான் இறங்கலாமோ?"

"இன்னும் கொஞ்சம் இருக்காம். நில்லுங்கோ. நானும் நிக்கிறன்."

சட்டி வடக்குப் பக்கம் மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்து ஓய்ந்து நிற்கும்வரை தகப்பனும் மகளும் அங்கே நின்றார்கள். மகள் அவருடைய கையிலிருந்த கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்திருந்தாள்.

கீழே வந்தால், செத்த வீடு கலியாண வீடாகியிருந்தது. திரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சுருள்முடிப் பெட்டை ஒன்று மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை ஏன் அழுகுது?"

"அவதான் அதைச் செய்தவ, மாமா" என்றான் மேர்வின். "செத்துப்போச்செண்டு நினைச்சவ."

"அது என்ன சொன்னது?"

"உயிரோட இருக்கிறன், குளிருது, பற்றரி குறைவு, சுழண்டுகொண்டு இருக்கிறன் எண்டு சொன்னது. நாங்கள் சுழலாதை எண்டு சொல்லியனுப்பினம். கேட்டிட்டுது."

தம்பிராசா அதற்குள் இன்னொன்றைப் பார்த்துவிட்டார். அந்தக் குளிர் அறையில் மேர்வினின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. தண்ணிக் கோப்பையை எடுக்கப் போன கை நடுங்கி, தண்ணி மேசையில் சிந்தியது. காற்று நாளில் பெருங்கப்பல் ஒன்றைக் கட்டி முடித்தபிறகு தன்னுடைய கை அப்படித்தான் நடுங்கும். வேலை நடக்கும்போது நடுங்காது, முடிந்தபிறகுதான் நடுங்கும். பொய்யாய் அழலாம், பொய்யாய்ச் சிரிக்கலாம். அப்படி நடுங்கிக் காட்ட ஒருவனாலும் ஏலாது.

திரையில் இருந்தவர்கள் ஏதோ கேட்க, ஷிஃபானா பதில் சொல்ல, எல்லோரும் இவரைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"என்னத்துக்குக் கை தட்டுறாங்கள்?" என்று தம்பிராசா உசாராகக் கேட்டார். "என்னட்ட என்ன வேணுமாம்?"

"ஒண்டும் வேணாம் ஐயா. கயிறு வீசினத கமராவில பாத்தாங்களாம்."

அவர் ஒரு கதிரையை இழுத்து மேர்வினுக்கு முன்னால் இருந்தார். முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லும். இந்தக் கொம்பனி நாளைக்குப் பூட்டுப்பட்டால்?"

எல்சி, "ஐயோ, தொடங்கிட்டார்" என்றாள்.

மேர்வின் கொஞ்சம் யோசித்தான். "பூட்டுப்படலாம், மாமா. இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாது. ஆனா மேல போறதுகள் வருசத்துக்கு வருசம் கூடிக்கொண்டுதான் வருது. ஆராவது கீழ நிண்டு பிடிக்கத்தானே வேணும்."

இல்லை, ஒருக்காலும் பூட்டாது என்று அவன் சொல்லியிருந்தால் தம்பிராசா எழும்பிப் போயிருப்பார். பூட்டுப்படலாம் என்றது அவருக்கு நெஞ்சில் நேராகப் போய் இருந்தது.

"ம்" என்றார். பிறகு எல்சியைப் பார்த்து, "பெடியனுக்கு ஏதாவது குடிக்கக் குடு. கை நடுங்குது" என்றார்.

அந்த ஞாயிறு கோயிலில் இடம் இல்லை. ஓலை கேட்க வேறு பங்கிலிருந்தும் சனம் வந்திருந்தது. சுவாமியார் பேர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் குரலை இறக்கினார். கோயில் முழுக்கத் தம்பிராசாவின் வாங்கைத் திரும்பிப் பார்த்தது.

அவர் எழும்பினார்.

"போன ஞாயிறு நான் சொன்னது சரி" என்றார்.

ஜெசிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பெடியன் குரங்கு கலைக்கிறவர்தான். நானும் புதன்கிழமை போய்க் கலைச்சனான். லேசான வேலை இல்லை. சிரிக்கிறவை ஆரெண்டாலும் போய்க் கலைச்சுப் பாருங்கோ. ஆனால் நான் குரங்கைப் பாத்திட்டு மேல பாக்காமல் வந்திட்டன். மேல கப்பல் போகுது. கண்ணுக்குத் தெரியாத கப்பல். அது நிக்காது, நங்கூரமும் போடாது. போற போக்கில கயிறு எறியும். இவர் பிடிக்கிறார். பிடிபட்டிட்டுது எண்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அழுததை நான் கண்ணால கண்டனான். அதால தடை ஒண்டும் இல்லை."

ஆண்கள் பக்கத்தில் மேர்வின் குனிந்து தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள்கள் குலுங்கின.

"நல்லது தம்பிராசா, இருங்கோ" என்றார் சுவாமியார்.

"இன்னும் இருக்கு, ஃபாதர். அந்தச் சட்டி இருக்கே, அது ஆரும் தொடாமலே தெற்காலயிருந்து…"

"தம்பிராசா."

"…எழும்பி, பருந்து போனாலும் பாக்காமல்…"

ஜெசிகா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஓகன் வாசிக்கிற பாட்டுக்காரப் பிள்ளை சமயம் பார்த்துக் கட்டைகளில் கையை வைத்தாள். தம்பிராசா ஓகனுக்கு மேலால் சத்தம் போட்டார்.

"சரி, மிச்சத்தைப் பிறகு சொல்லுறன். தடை இல்லையெண்டு எழுதுங்கோ, ஃபாதர்!"

"பூசை முடிய எழுதுறன்."

"இப்ப எழுதுங்கோ. நான் பாக்கிறன்."

சுவாமியார் தோற்றுப்போய்ப் பேனையைத் தேடினார். யாரோ ஒருவர் பேனை கொடுத்தார். அவர் எழுதி முடித்து, தாளை உயர்த்திக் காட்டும்வரை தம்பிராசா வாங்கில் இருக்காமல் நின்றார். காட்டியபிறகும், முன்வாங்கில் இருந்த தெரிந்த ஆளின் தோளைத் தட்டி, "என்ன எழுதியிருக்கிறாரெண்டு ஒருக்கா வாசியுமன்" என்று கேட்டார்.